இஞ்சிக்குழி

திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், பாபநாசம் மேலணைக்கும் மேலே பொதிகைக் காட்டுக்குள் இருக்கும் காணிக்காரர் (காணிகள்) என்ற பழங்குடியினரின் குடியிருப்பு. சில குடும்பங்களே இங்கு வாழ்கின்றன. சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு என்று பாபநாசம் மலையில் காணிகளுக்கு வேறு ஊர்களும் உண்டு. ஆனால் இஞ்சிக்குழிக்குப் போக மேலணையின் காரையாறு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து, பாணதீர்த்த அருவியிலிருந்து காட்டுவழியாக ஏற வேண்டும்.

இவ்வளவு ஒதுக்கம் பழங்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. பொதிகையின் இருபுறமும் காணிகள் வாழ்கிறார்கள். மலைமுகட்டுக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டம். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சிலேயே அந்தப் போக்குவரவு தெரியும். பூங்குளம், கன்னிகட்டி பக்கம் போன அகத்தியர் மலை யாத்திரைப் பாதையும் இவ்வழிதான். 1940களில் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் தாமிரபரணியைத் தேக்கியபோது, அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவே தண்ணீர் வந்து நின்றது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. பின்னாளில் பாணதீர்த்தத்துக்கான சுற்றுலாப் படகும் நின்றுபோனது.

காணிகளின் தலைவர் மூட்டுக்காணி. பூசையும் மருத்துவமும் பிலாத்தி பொறுப்பு. நோய் தீர்க்கும் சாத்துப்பாட்டுக்குக் கொக்கரை என்ற இரும்புக் கருவியைக் கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள். ஒரே இல்லத்துக்குள் (குலத்துக்குள்) பெண் எடுப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கும் மிளகும் பயிரிடுகிறார்கள்; தேன் எடுக்கிறார்கள். இவர்களுடைய மூலிகை அறிவை வெளியுலகம் கவனித்தது கேரளக் காணிகள் வழியாக: 1987இல் அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. இந்தப் பக்கத்துக் காணிகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை.

தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டும்தான் செல்லும். வேலைக்காக மதுரைப் பக்கம் குடிபோன ஒரு குடும்பம் சாதிச் சான்றுக்கு எந்த வட்டத்தைக் காட்டும் என்பது பட்டியல் போட்டவர்கள் யோசிக்காத கேள்வி. 2006 வன உரிமைச் சட்டம் குடியிருக்கும் நிலத்துக்கும் தேன் போன்ற சிறுவன விளைபொருளுக்கும் உரிமை தருகிறது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக மட்டும் அதே தேக்கத்தைத் தாண்ட வேண்டும். இங்கிருந்த நூறு வயது கடந்த மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்க மேலணை அஞ்சல்காரர் படகேறி, காட்டில் நடந்து போய்வந்தது 2021இல் நாளிதழ்களில் செய்தியானது.