ஜப்பானின் பேரிடர்த் தன்னார்வக் குழுக்கள்

நிலநடுக்கம், ஆழிப்பேரலை, வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றில் சிதைந்த ஊர்களுக்குப் போய், சம்பளம் வாங்காமல் சேறு அள்ளுவதும் இடிபாடுகளை அப்புறப்படுத்துவதும் வீடிழந்தவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதுமாக உழைக்கும் பொதுமக்களின் அணிகளே ஜப்பானில் பேரிடர்த் தன்னார்வக் குழுக்கள் என்று அறியப்படுகின்றன. இடிபாட்டில் சிக்கியவர்களை உயிரோடு மீட்பது இவர்களுடைய வேலையன்று. அதைத் தீயணைப்புத் துறையும் காவல் துறையும் தற்காப்புப் படையும் பார்த்துக்கொள்கின்றன. தொலைக்காட்சி வண்டிகள் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகும், 'இனி இந்த வீட்டை என்ன செய்வது?' என்று வாசலில் ஒரு கிழவரோ கிழவியோ நின்றுகொண்டிருப்பார் அல்லவா, அந்த இடத்தில்தான் இவர்களுடைய வேலை தொடங்குகிறது.

இந்த இயக்கத்தின் பிறப்பிடம் கோபே நகரம். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு அங்கே 7.3 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. 6,434 பேர் இறந்தார்கள். மரவீடுகள் நெருக்கமாக நின்ற நகாத்தா வட்டத்தில் தீ பரவித் தெருக்கள் மொத்தமாக எரிந்தன. நகராட்சி ஊழியர்களே வீட்டையும் உறவினர்களையும் இழந்து நின்றதால் அரசு இயந்திரம் தடுமாறியது. அப்போது நாடெங்கிலுமிருந்து ஆட்கள் முதுகுப்பையும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். ரயில் ஓடிய இடம்வரை ரயிலில், அதற்கப்பால் நடை. ஓராண்டில் வந்துபோனவர்களின் கூட்டுக்கணக்கு 13 லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் அதற்குமுன் இத்தகைய தொண்டில் இறங்கியதே இல்லாதவர்கள். கல்லூரி மாணவர்கள் ஏராளம். நிவாரணம் என்றால் அரசின் பொறுப்பு என்றிருந்த சமூகம் அது. அதனால்தான் ஜப்பானியர்கள் 1995ஐத் தன்னார்வத் தொண்டின் முதலாம் ஆண்டு என்று குறிப்பிடுகிறார்கள்.

வந்தவர்களின் மனம் பெரியது, ஏற்பாடு இல்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பலர் பள்ளிக்கூட முகாம்களின் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஒரு முகாமில் ஆட்கள் மிகுதி, அடுத்த முகாமில் ஒருவரும் இல்லை. அனுப்பப்பட்ட துணிமணிகளைப் பிரித்து அடுக்குவதே ஒரு பெரும் வேலையானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழந்துணி குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம்.

ஏப்ரலில் கல்வியாண்டு பிறந்ததும் மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். கடினமான காலம் அதன்பிறகுதான் வந்தது. ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். நியாயமான முறையாகத்தான் தோன்றியது. ஆனால் பல்லாண்டு ஒரே தெருவில் வாழ்ந்த அண்டை அயலார் ஆளுக்கொரு மூலைக்குப் பிரிக்கப்பட்டார்கள். முகம் தெரியாத முதியவர்கள் மட்டும் நிறைந்த குடியிருப்புகள் உருவாயின. அந்த வீடுகளில் தனியே இறந்து, பிறகே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 233 பேர். நிலநடுக்கத்துக்குத் தப்பியவர்கள் தனிமைக்குத் தப்பவில்லை.

தகராசுகா நகராட்சி மருத்துவமனையில் செவிலியர் பொறுப்பில் உயர்ந்த நிலையில் இருந்த யூகோ குரோதா, வேலையை விட்டுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு தற்காலிகக் குடியிருப்பிலேயே தங்கினார். இரவு பகலாகக் கதவு கதவாகப் போய்ப் பார்த்தார். தபால் பெட்டியில் செய்தித்தாள் சேர்ந்திருக்கிறதா, மாலையில் விளக்கு எரிகிறதா என்று கவனிப்பது சிறிய காரியமாகத் தெரியலாம். உயிர் காக்கும் காரியம் அதுதான். 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அது தாக்கிய கெசென்னுமாவிலும் அதே பணியைச் செய்த குரோதா 2014இல் காலமானார். இன்று ஜப்பானில் தற்காலிகக் குடியிருப்புகளில் நடக்கும் வீட்டுச் சந்திப்புகளுக்கு அவரைப் போன்றவர்கள் போட்ட பாதைதான் அடிப்படை.

கோபே அனுபவம் சட்டத்தையும் மாற்றியது. 1995இலேயே பேரிடர் மேலாண்மை அடிப்படைச் சட்டம் திருத்தப்பட்டுத் தன்னார்வலர்களின் பங்கு அதில் இடம்பெற்றது. ஜனவரி 17 பேரிடர்த் தடுப்பு மற்றும் தன்னார்வத் தொண்டு நாளானது. சிறிய தொண்டு அமைப்புகளும் சட்டப்படி பதிவு பெற வழிசெய்யும் சட்டம் 1998இல் நிறைவேறியது.

இடையில் ஒரு கசப்பான பாடம். 1997 ஜனவரியில் நகோத்கா என்ற ரஷ்ய எண்ணெய்க் கப்பல் ஜப்பான் கடலில் இரண்டாகப் பிளந்தது. 6,000 கிலோலிட்டருக்கும் மேற்பட்ட கனரக எண்ணெய் கொட்டி, ஃபுகுய் மாநிலத்தின் மிகுனி உள்ளிட்ட கடற்கரைகளில் கருங்குழம்பாக ஒதுங்கியது. பாறை இடுக்குகளில் எந்திரம் நுழையவில்லை. தன்னார்வலர்கள் அகப்பையால் எண்ணெயை வழித்து வாளியில் ஊற்றி, வரிசையாக நின்று கைமாற்றிக் கரையேற்றினார்கள். பனியும் கடற்காற்றும் வாட்டிய குளிர்காலம் அது. அந்த வேலையில் ஐந்து தன்னார்வலர்கள் இறந்தார்கள். உதவப் போகிறவரின் உடலும் காக்கப்பட வேண்டிய உடல்தான் என்ற எண்ணம் அதன்பிறகே அழுத்தமாக ஊன்றியது. களத்தில் கட்டாய ஓய்வும் காப்பீடும் பழக்கமாயின.

இப்போதுள்ள நடைமுறை பெரும்பாலும் இதுதான். ஓர் ஊரைப் பேரிடர் தாக்கினால் அங்குள்ள சமூகநல மன்றம் பேரிடர்த் தன்னார்வ மையம் ஒன்றைத் திறக்கிறது. இந்த மன்றம் ஒவ்வொரு நகராட்சியிலும் உண்டு. சாதாரண நாள்களில் முதியோர் நலனைக் கவனிப்பது. பாதிக்கப்பட்டவர் தொலைபேசியில் கேட்கலாம், நேரில் வரலாம். கேட்கத் தயங்குபவர்களுக்காக ஊழியர்கள் வீடு வீடாகவும் போகிறார்கள். 'தரைக்கடியில் சேறு, முதியவர் ஒருவர் மட்டும், ஐந்து பேர் தேவை' என்பது போன்ற குறிப்புகளோடு வேலைச்சீட்டு எழுதிப் பலகையில் ஒட்டுகிறார்கள். காலையில் வரும் தன்னார்வலர்கள் பெயர் பதிந்து, பெயரை எழுதிய நாடாவைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, சீட்டுக்கேற்ப அணிகளாகப் பிரிகிறார்கள். முன்பின் அறியாத ஐந்து பேர் பத்து நிமிடத்தில் ஓர் அணி. ஒருவர் தலைவர், வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருடையது. மண்வெட்டியும் ஒற்றைச் சக்கர வண்டியும் மையம் தருகிறது. சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம், ஆணி குத்தாத அடித்தகடு பொருத்திய ரப்பர் பூட்ஸ் எல்லாம் அவரவர் பொறுப்பு. சில நூறு யென் செலுத்தினால் காப்பீடு கிடைக்கிறது. சொந்த ஊரிலேயே அதை எடுத்துவிட்டு வருவது மரபு. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் எல்லோரும் மையத்துக்குத் திரும்பி, முடித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்த நாள் வேறு அணி அந்த மீதியிலிருந்து தொடங்கும்.

வெள்ளம் புகுந்த வீட்டில் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நனைந்த சாமான்களை வெளியே எடுப்பது. தரையை மூடும் தடித்த தத்தாமி பாய் நீரில் ஊறிவிட்டால் அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருக்கும். அடுத்து தரைப்பலகைகளைப் பெயர்ப்பது. ஜப்பானிய மரவீட்டின் தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஒருவர் படுத்து நகரும் அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இருட்டுக்குள் நெற்றிவிளக்கோடு தவழ்ந்து சேற்றைத் தட்டுகளில் அள்ளி வெளியே தள்ளுவார்கள். மேலே பார்வைக்கு வீடு சுத்தமாக இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டால், சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும், காலப்போக்கில் தூண்கள் உளுத்துப்போகும். சேற்றை எடுத்த பின் கழுவி, பல வாரங்கள் காற்றில் உலரவிட்டு, கிருமிநாசினி தெளித்த பிறகே புதுப்பலகை பொருத்தலாம். அவசரப்பட்டு மூடிய தரையை மறுபடி பிரிக்க நேர்ந்த வீடுகள் ஏராளம்.

இந்த வேலையில் கறாராகச் சொல்லித்தரப்படும் விதி ஒன்று: வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் எறியக் கூடாது, எதையும் குப்பை என்று சொல்லவும் கூடாது. சேற்றில் கிடக்கும் உடைந்த கிண்ணம் இறந்துபோன மனைவியுடையதாக இருக்கலாம். வேலை மெதுவாகத்தான் நகரும். நகரட்டும். ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தோம் என்று எண்ணும் குழு, வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே பார்வையாளராக்கிவிடுகிறது.

2011 மார்ச் 11இல் ஜப்பானின் வடகிழக்கில் 9.0 அளவுள்ள நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஏறத்தாழ 15,900 பேரைக் கொன்றன. 2,500க்கும் மேற்பட்டோர் இன்னும் கிடைக்கவில்லை. முதல் ஓராண்டில் தன்னார்வ மையங்கள் வழியாக வந்தவர்களின் கூட்டுக்கணக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். இஷினோமாகியில் சென்ஷு பல்கலைக்கழக வளாகமே மையமானது. மாணவர்கள் படிக்கும் இடத்தில் கூடாரங்கள் எழுந்தன. உள்நாட்டு ஊரான டோனோ வேறு வழி கண்டது. கடலோர ஊர்கள் தங்குமிடம் தரும் நிலையில் இல்லை என்று உணர்ந்து, தானே பின்தளமாக நின்று தன்னார்வலர்களைத் தங்கவைத்து, ஒவ்வொரு காலையும் ரிக்குசென்தகாதா, கமாயிஷி, ஓட்சுச்சி பகுதிகளுக்கு அனுப்பியது.

அந்த ஆண்டு உருவான வேலைகளில் தனித்து நிற்பது புகைப்படம் கழுவுதல். சேற்றிலிருந்து லட்சக்கணக்கில் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. கடல்நீரில் ஊறிய படத்தின் ஜெலட்டின் படலத்தை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். ஓரத்திலிருந்து வண்ணம் கரைந்து, கடைசியில் முகம் மறையும். தன்னார்வலர்கள் ஆல்பத்தைப் பிரித்து, ஒவ்வொரு படத்தையும் தண்ணீரில் வைத்து விரல்நுனியால் மண்ணைத் துடைத்து, துணிக்கிளிப்பில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். ஃபுஜிஃபிலிம் நிறுவனம் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுத்தந்ததோடு தன் ஊழியர்களையும் ஈடுபடுத்தியது. உலர்ந்த படங்கள் பொது இடங்களில் பரப்பி வைக்கப்பட்டன. பிழைத்தவர்கள் வந்து தங்கள் பிள்ளையின், பெற்றோரின் முகத்தைத் தேடி எடுத்துப்போனார்கள்.

ஆழிப்பேரலை தாக்கிய மினாமிசன்ரிகுவில் இத்தகைய நினைவுப் பொருள்களைத் தேடும் அணிக்குத் தலைமை தாங்கியவர் ஹருவோ ஒபாதா. ஓய்வுபெற்ற மீன் வியாபாரி. சொந்தச் சிறு வேனில் தங்கி, சொந்தச் சோற்றை உண்டு, பாதிக்கப்பட்டவர்கள் நீட்டும் உணவையும் பணத்தையும் மறுத்துவிடுவார். 2018 ஆகஸ்டில் சுவோ-ஓஷிமா தீவில் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த இரண்டு வயதுக் குழந்தையை 78 வயதில் அவர் மலைப்பகுதியில் கண்டெடுத்தபோது நாடே அவரைக் கொண்டாடியது.

சேறு அள்ளி முடிந்த பின்னும் தொடரும் பணிகளில் கால்குளியல் குறிப்பிடத்தக்கது. 1995இல் கோபேயில் தொடங்கி, 2004 நீகாதா நிலநடுக்கத்துக்குப் பின் பரவலானது. முகாமில் ஒரு முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, எதிரே அமரும் இளைஞர் அவர் கைகளை மெல்லப் பிடித்துவிடுவார். கேள்வி எதுவும் கேட்பதில்லை. வெந்நீரின் இதத்தில் முதியவரே பேசத் தொடங்குவார்: தூக்கம் வருவதில்லை, மருமகளோடு ஒரே அறையில் இருக்கச் சங்கடம், செத்துப்போயிருக்கலாம். இந்தச் சொற்களைப் பிறகு அட்டைகளில் குறித்துவைத்து, தேவையானால் செவிலியருக்கோ சமூகப் பணியாளருக்கோ தெரிவிக்கிறார்கள். அதிகாரி படிவத்தோடு வந்து கேட்டால் வராத பதில்கள் இவை. இன்னொரு பக்கம், கோபேயின் தொண்டு அமைப்பு ஒன்று பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைத்துண்டை மடித்துத் தைத்து யானைப் பொம்மை செய்யக் கற்றுத்தந்து, விற்ற பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கே கொடுத்தது. வாங்கியே பழகி வதங்கியவர்களுக்குத் தங்கள் கையால் ஒன்றைச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு பெரிது என்பதை அந்த யானைகள் காட்டின.

இத்தனை ஆண்டுகளில் கட்டிய ஒழுங்குக்கு ஓர் எதிர்விளைவும் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. மலைச்சரிவில் சாலைகள் அடைபட்டன. குடிநீர் மாதக்கணக்கில் வரவில்லை. தனிப்பட்டவர்கள் வர வேண்டாம் என்று இஷிகாவா மாநில அரசு கேட்டுக்கொண்டது. முதல் நாள்களில் அது சரியான முடிவு. ஆம்புலன்ஸ் போக வேண்டிய ஒரே சாலையில் நெரிசல் கூடாது. ஆனால் அந்த வேண்டுகோள் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. ஜனவரி இறுதியிலிருந்து முன்பதிவு செய்தவர்களை மாநிலத் தலைநகர் கனசாவாவிலிருந்து பேருந்தில் அழைத்துப்போனார்கள். பயணத்திலேயே பாதிப் பொழுது கழிந்து, வேலைக்குச் சில மணி நேரமே மிஞ்சியது. கனரக எந்திரம் ஓட்டவும் கூரையில் தார்ப்பாய் கட்டவும் பயிற்சி பெற்ற குழுக்கள் முன்னதாகவே களத்தில் இருந்தாலும், உடைந்த சாமான்களை வெளியே எடுக்க ஆளின்றி முதியவர்கள் காத்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 21இல் பெருமழை கொட்டி, நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் குடியேறிய தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஒழுங்கு வேண்டும், ஆனால் வருகிறவர்களைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அது இறுகிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு அது உதவாது. நோட்டோ ஜப்பானுக்குச் சொன்னது இது.

கோபேயின் அனுபவம் வகுப்பறைக்கும் போனது. 2002இல் அந்நகரின் மைக்கோ உயர்நிலைப் பள்ளியில் நாட்டிலேயே முதன்முறையாகச் சுற்றுச்சூழலும் பேரிடர்த் தடுப்பும் ஒரு தனிப் பாடப்பிரிவாகத் தொடங்கப்பட்டன. 1995க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது அங்கே படிக்கிறார்கள்.