சென்னைக்குக் காவல் இருந்த வபிட்டி

'எவாக்குவேஷன் காலம்' என்று சேலம், நாமக்கல் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியானது. ரயிலேறியவர்களில் நம் பக்கம் உறவினர் வீடு தேடி வந்தவர்களும் உண்டு. அந்தக் கரையைக் காக்க வானத்தில் என்னதான் இருந்தது?

1939இல் போர் தொடங்கியதும் சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற துறைமுகங்களுக்குக் கடலோரக் காவல் பிரிவுகள் அமைத்தார்கள். அவற்றுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் 'வெஸ்ட்லேண்ட் வபிட்டி' என்ற இரட்டை இறக்கை விமானங்கள். கடலுக்கு மேல் ரோந்து போவதும் கப்பல்களுக்குத் துணை போவதும் வேலை.

வபிட்டி 1927இல் முதலில் பறந்தது. அது பிறந்த கதையே சிக்கனக் கதைதான். முதல் உலகப்போரில் மிஞ்சிய டி.எச்.9ஏ விமானத்தின் உதிரிபாகங்கள் கிடங்கில் குவிந்திருந்தன; அவற்றைப் பயன்படுத்தியே புது விமானம் செய்யச் சொன்னது பிரிட்டிஷ் விமான அமைச்சகம். மேலொன்று கீழொன்றாக இறக்கை, நடுவே கட்டைகளும் கம்பிகளும், போர்த்தியது துணி. விமானிக்கும் பின்னால் துப்பாக்கியோடு இருப்பவருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது.

நம் விமானப்படை தொடங்கியதும் இதில்தான். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி டிரிக் ரோடில் முதல் ஸ்குவாட்ரன் உருவானபோது இருந்தவை 4 வபிட்டிகள், 5 இந்திய விமானிகள், 19 'ஹவாய் சிப்பாய்கள்'. அந்த ஐவரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி பிற்பாடு படைத்தலைவரானார். வசீரிஸ்தான் மலைகளில் அவர்கள் இதை ஓட்டிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே எதிரியிடம் விமானம் இல்லை.

ஜப்பானியரிடம் இருந்தது. வபிட்டியின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சென்னை போக ஒன்றரை மணி நேரமாகும். ஜப்பானின் 'ஜீரோ' 500ஐத் தாண்டும். ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 6இல் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை தப்பியது. வபிட்டியால் தப்பியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்!

எனக்கு உறுத்துவது வேறொன்று. போர் நிதி என்று நம் மாகாணம் அள்ளிக் கொடுத்தது. அதற்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் வைத்தார்கள். அது 'டிஃபையன்ட்' என்ற புதிய ஒற்றை இறக்கைச் சண்டை விமானங்களோடு இங்கிலாந்தைக் காத்தது. மெட்ராஸைக் காக்க வபிட்டி.

வபிட்டி ஒன்று டெல்லியில், பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள்.