கெடு யாருக்கு? தனியாள் ஒப்பந்தத் தொழிலும் சட்டத்தின் கணக்கும்

தனியாளாக ஒப்பந்த வேலை செய்யும் தச்சருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ பிளம்பருக்கோ கையிருப்பில் உள்ள சரக்கு ஒன்றே ஒன்று: நாள். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் நிறுவனம் ஓரிடத்தில் வேலை தடைப்பட்டால் ஆட்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும். தனியாளுக்கு அந்த வழி இல்லை. வீட்டுக்காரர் வாசலைப் பூட்டிவிட்டுப் போன ஒரு செவ்வாய்க்கிழமை அவரைப் பொறுத்தவரை போனது போனதுதான். ஆகவே இத்தொழிலின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று. கெடுவை யார் வைத்தார், அது தவறியபோது யார் விலை கொடுத்தார் என்பதன் வரலாறும் ஆகும்.

இந்தியாவில் இக்கேள்வியை விரிவாகப் பேசிய பழைய நூல்களுள் முதன்மையானது அர்த்தசாஸ்திரம். மைசூரில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909-இல் பதிப்பித்த இந்நூல், கிறித்து ஊழியின் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் இன்றைய வடிவத்தை அடைந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதன் நான்காம் பகுதியின் பெயர் ‘கண்டகசோதனம்’, அதாவது முள் களைதல். அப்பகுதியின் முதல் அத்தியாயமே கைவினைஞரைப் பற்றியது. ‘காருகரக்ஷணம்’ என்ற அதன் தலைப்பைக் கைவினைஞரைக் காத்தல் என்றும் கொள்ளலாம். கைவினைஞரிடமிருந்து மக்களைக் காத்தல் என்றும் கொள்ளலாம். வடமொழித் தொகைச்சொல் இரு பொருளுக்கும் இடம் தருகிறது. ஆனால் முள் களையும் பகுதியில் அது வைக்கப்பட்டிருப்பதே எப்பொருள் முந்துகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

அங்கே கூறப்படும் விதி தெளிவானது. இடம், காலம், வேலையின் தன்மை ஆகிய மூன்றையும் பேசி முடித்தே வேலையை ஏற்க வேண்டும். காலம் கடந்தால் கூலியில் கால் பங்கு குறையும்; தண்டமும் உண்டு. இடர்ப்பாடும் பேரிடரும் மட்டுமே விலக்கு. சலவைக்கும் சாயத்துக்கும் நாள் கணக்கே வகுக்கப்பட்டுள்ளது. வெறும் வெளுப்புக்கு, வெண்மையின் தரத்தைப் பொறுத்து ஓரிரவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூடும் கெடு. இலேசான சாயத்துக்கு 5 இரவு, நீலத்துக்கு 6 இரவு, அரக்கு, மஞ்சிட்டி போன்ற செந்நிறங்களுக்கும் நுட்பமான கவனம் வேண்டும் உயர்ந்த துணிகளுக்கும் 7 இரவு. அதற்கு மேல் வைத்திருந்தால் கூலி இல்லை. சாயத்தின் தரம் பற்றி வழக்கு எழுந்தால் தொழில் தெரிந்தவர்களே கூலியை முடிவு செய்ய வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. வேலையின் கடினத்தைப் பொறுத்துக் கெடு நீள வேண்டும் என்பதை இவ்விதி அறிந்திருந்தது. கெடு வைப்பவர்கள் பலர் இன்றும் மறந்துவிடும் உண்மை இது.

மூன்றாம் பகுதியில், கூலியாள் பற்றிய அத்தியாயத்தில், இதைவிடக் கூர்மையான ஒரு விவாதம் இருக்கிறது. வேலை செய்ய ஆள் வந்து நிற்கிறார். வேலை கொடுப்பவர் வேலை வாங்கவில்லை. கூலி உண்டா? வேலை முடிந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது முந்தைய ஆசிரியர்களின் கருத்து. நூல் அதை மறுக்கிறது: செய்த வேலைக்கே கூலி, செய்யாத வேலைக்கு இல்லை. ஆனால் உடனே ஒரு வரம்பும் வைக்கிறது. சிறிதளவு வேலையை வாங்கிவிட்டு மீதியைச் செய்யவிடாமல் நிறுத்தினால், முழுவதும் செய்ததாகவே கருத வேண்டும். வந்து நின்ற நாளுக்கு விலை உண்டா என்ற கேள்வி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, பாதி விடையோடு நின்றுபோயிருக்கிறது.

ஊரகத்தில் நெடுங்காலம் வேறொரு முறை நிலவியது. மகாராட்டிரத்தின் பலுத்தேதார் முறையில் தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், சலவைத் தொழிலாளர் முதலியோர் ஆண்டு முழுதும் ஊருக்கு உழைத்து அறுவடையில் தானியப் பங்கு பெற்றனர். வட இந்தியாவில் ஜஜ்மானி எனப்பட்ட இத்தகைய உறவை, உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தைக் கரீம்பூர் எனப் பெயர் மாற்றி வில்லியம் வைசர் 1936-இல் நூலாக எழுதினார். இம்முறையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலையும் தேதியும் பேசப்படுவதில்லை. பயிர்ப் பருவமே நாட்காட்டி. மழைக்கு முன் கலப்பை தயாராக வேண்டும் என்பது தச்சருக்கும் உழவருக்கும் பொதுவான அறிவு. வேலை வரும் என்ற உறுதி இதில் இருந்தது. அதற்கு ஈடாகச் சாதியின் கட்டும் இருந்தது. தொழிலை மாற்றவோ, கொடுக்கும் பங்கு போதாது என்று வேறு வீட்டுக்குப் போகவோ எளிதில் இயலாது. தேதி இல்லாத அந்த வேலையை விடுதலை என்று கொண்டாட வரலாறு இடம் தரவில்லை.

நகரத்துக் கைவினைஞரின் நிலையை 17-ஆம் நூற்றாண்டில் தில்லியில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே பதிவு செய்திருக்கிறார். பிரபுக்கள் கைவினைஞரைத் தேவைப்பட்டால் வலிந்து கொண்டுவந்து வேலை வாங்கினர் என்றும், கூலியைத் தம் விருப்பம்போல் கொடுத்தனர் என்றும், சாட்டையடி கிடைக்காமல் திரும்பினாலே கைவினைஞர் மகிழ வேண்டியிருந்தது என்றும் அவர் எழுதுகிறார். முகலாய ஆட்சியைக் குறைசொல்லும் நோக்கம் அவருக்கு இருந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நாளின் உடைமை யாரிடம் இருந்தது என்பது விளங்கும்.

வணிகம் பெருகியபோது நாளை வாங்கும் கருவியாக முன்பணம் வந்தது. சொற்களே இக்கதையைச் சொல்கின்றன. கொடுத்தல் என்னும் பொருளுள்ள பாரசீக வினையிலிருந்து பிறந்தது ‘தாத்னி’. வங்காளத்தில் நெசவாளருக்குத் தரப்பட்ட முன்பணத்தின் பெயர் அது. விற்பனையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது இந்தியில் அச்சாரத்தைக் குறிக்கும் ‘பயானா’. வேலையை மேற்பார்க்கும் ‘மிஸ்திரி’யும் தமிழின் ‘மேஸ்திரி’யும் தலைவர், ஆசான் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. பணத்துக்கும் மேற்பார்வைக்கும் வெளியிலிருந்து சொற்கள் வந்து குடியேறின. கூலி காத்திருந்த நாளுக்கு மட்டும் பெயர் பிறக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1753-இல் தாத்னி வணிகர்களை விலக்கிவிட்டுத் தன் சம்பளக்காரரான குமாஸ்தாக்கள் வழியே நெசவாளருக்கு நேரடியாக முன்பணம் தரத் தொடங்கியது. 1793-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், கம்பெனியின் முன்பணம் பெற்ற நெசவாளர் கம்பெனிக்கு ஒப்புக்கொண்ட உழைப்பையும் துணியையும் பிறருக்குக் கொடுப்பதைத் தடுத்தது. தறி அவருடையது, கை அவருடையது. நாள் மட்டும் அடகில் இருந்தது.

இந்த அடகு குற்றவியல் சட்டமாக உருவெடுத்தது 1859-இல். ஐரோப்பியக் கடைக்காரர்களையும் பட்டறை உரிமையாளர்களையும் கொண்ட கல்கத்தா டிரேட்ஸ் அசோசியேஷன், முன்பணம் வாங்கிய கைவினைஞர் வேலையை முடிக்காமல் போகின்றனர் என முறையிட்டது. விளைவு 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களைக் கருதி இயற்றப்பட்டுப் பிற பகுதிகளுக்கும் விரிந்தது அது. முன்பணம் பெற்றவர் தக்க காரணமின்றி வேலையைச் செய்யாவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ நீதிபதி ஆணையிடலாம். இரண்டில் எது என்பது முறையிட்டவரின் விருப்பம். ஆணையை மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். வேலை கொடுத்தவர் சொன்ன நாளில் பொருளைத் தராவிட்டாலோ, பேசிய கூலியை இழுத்தடித்தாலோ அவருக்குச் சிறை இல்லை. நகரத்துத் தச்சரையும் தையற்காரரையும் மனத்தில் வைத்து எழுந்த இச்சட்டத்தைப் பின்னர் அசாமின் தேயிலைத் தோட்டங்கள் பெருமளவில் பயன்படுத்திக்கொண்டன.

இதற்கு 13 ஆண்டுகளுக்குப் பின், 1872-இல், இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. தனியாள் தொழிலுக்கு அதில் உள்ள இடம் பலர் கவனத்துக்கு வராதது. அதன் 55-ஆம் பிரிவு காலக்கெடுவைப் பேசுகிறது. காலமே ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், கெடு தவறியபோது வேலை கொடுத்தவர் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். அப்படிக் கருதியிராவிட்டால் விலக முடியாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். தாமதமான வேலையை மறுப்பேதும் தெரிவிக்காமல் ஏற்றுக்கொண்டால் பிறகு இழப்பீடும் கேட்க முடியாது.

மறுபக்கத்தையும் அச்சட்டம் பார்த்தது. 53-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு இது: ஒருவர் 1,000 ரூபாய்க்கு ஒரு வேலையைச் செய்ய ஒப்புக்கொண்டு ஆயத்தமாக நிற்கிறார், வேலை கொடுத்தவரே அதைச் செய்யவிடாமல் தடுக்கிறார். அப்போது வேலை செய்பவர் ஒப்பந்தத்தை விலக்கி இழப்பீடு பெறலாம். 67-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு இன்னும் நேரானது: வீட்டைப் பழுதுபார்க்க ஒருவர் ஒப்புக்கொள்கிறார், எங்கெங்கே பழுது என்று வீட்டுக்காரர் காட்ட மறுக்கிறார் அல்லது காட்டாமல் விட்டுவிடுகிறார். வேலை நடக்காததற்குப் பணியாளர் பொறுப்பல்லர். வந்து நின்றவரின் நாளுக்கு அர்த்தசாஸ்திரம் தராத விடையை இந்த எழுத்து தந்தது.

ஆனால் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் அருகருகே வாழ்ந்தன. வேலை கொடுத்தவர் வாக்குத் தவறினால் அது உரிமையியல் வழக்கு; முன்பணம் வாங்கிய கைவினைஞர் தவறினால் சிறை. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875-லேயே பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இந்தியாவில் 1925-ஆம் ஆண்டின் நீக்கச் சட்டம் 1926 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரும்வரை அது நீடித்தது.

பணம் கொடுப்பவருக்குக் கெடு வைக்கும் எண்ணம் அதன் பின்னரும் மெல்லவே வந்தது. சிறுதொழில்களுக்குத் தாமதமாகத் தரப்படும் தொகைக்கு வட்டி கட்ட வேண்டும் என்று 1993-இல் ஒரு சட்டம் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பொருளையோ பணியையோ ஏற்றுக்கொண்டவர் ஒப்பந்தப்படி, எப்படியும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் மாதந்தோறும் கூட்டுவட்டி. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னொரு படி சென்றது: குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையைக் கெடுவுக்குள் தராத வணிகர், அதைக் கொடுத்து முடித்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஈராயிரம் ஆண்டுகளாகக் கைவினைஞர் பக்கம் மட்டுமே திரும்பியிருந்த கெடு, முதன்முறையாக மறுபக்கமும் பார்த்தது.

எனினும் இப்பாதுகாப்பு பதிவு செய்தவருக்கே. 2020 ஜூலை 1 முதல் அப்பதிவின் பெயர் உத்யம். கைப்பேசியில் வரும் அழைப்பையும் பழைய டைரியையும் வைத்துத் தொழில் நடத்தும் தனியாள் பலர் அதற்கு வெளியே நிற்கின்றனர். உள்ளே வந்தாலும், ஒரு நாள் கூலிக்காக வழக்குத் தொடுக்க மேலும் பல நாள் கூலியை இழக்க வேண்டும். 53-ஆம் பிரிவு தந்த உரிமையும் இதே காரணத்தால்தான் ஏட்டளவில் நிற்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், தனியாள் ஒப்பந்தக்காரர் மீது எப்போதும் கூறப்படும் புகாரின் பொருள் மாறுகிறது. மூன்று வீட்டில் முன்பணம் வாங்குகிறார், நாளை வருகிறேன் என்கிறார், வருவதில்லை என்பது அப்புகார். அவரது நாள் அவர் கையில் மட்டும் இல்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் மின்குழாய் பதிக்கப்பட வேண்டும். கம்பி கட்டுபவர் தாமதித்தால் எலக்ட்ரீஷியன் காத்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதித்த பின்பே டைல்ஸ் ஒட்ட முடியும்; பிளம்பரின் ஒரு நாள் பிந்தினால் டைல்ஸ் ஒட்டுபவரின் மூன்று நாள் நகரும். மழை, மின்தடை, வந்துசேராத பொருள், மனம் மாறும் வீட்டுக்காரர் என ஒவ்வொன்றும் அட்டவணையைக் கலைக்கும். கலையும் ஒவ்வொரு நாளின் இழப்பும் தனியாள் தலையில் விழும் என்றால், அவர் ஒரே நாளை இருவருக்கு வாக்களிப்பது அந்த இழப்புக்கு எதிராக அவர் எடுக்கும் ஒரே காப்பீடு. ஒருவர் வேலையைத் தள்ளிவைத்தால் மற்றவர் வீடு இருக்கும். இருவரும் ஆயத்தமாக இருந்துவிடும் நாளில்தான் அவர் பொய்யராகிறார்.

இதனால் அவர் செயல் சரியென்று ஆகிவிடாது. சமையலறைச் சுவரை உடைத்துப் போட்டுவிட்டு இரண்டு வாரம் ஆளைக் காணாமல் தவிக்கும் குடும்பத்தின் துன்பம் உண்மையானது. ஆனால் அத்துன்பத்துக்கு மருந்து 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனப்பான்மையில் இல்லை. சிறை அச்சம் இருந்த காலத்திலும் வாக்குத் தவறல் ஒழியவில்லை. அதனால்தான் அச்சட்டம் 66 ஆண்டுகள் தேவைப்பட்டது. வேலையைத் தள்ளிவைக்கும் வீட்டுக்காரர் முன்பே சொல்லிவிடுவது, சொல்லாமல் தள்ளிவைத்த நாளுக்கு ஒரு பகுதிக் கூலியேனும் கொடுப்பது, முன்பணத்தோடு தொடங்கும் தேதியையும் பணம் தீர்க்கும் தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொள்வது ஆகியவை சிறிய ஏற்பாடுகள். அவை வழக்கமாகும் இடத்தில், ஒரே நாளை இருவருக்கு விற்க வேண்டிய தேவை குறையும்.

கெடு என்பது இருவர் கூடிச் செய்யும் வாக்கு. இந்தியச் சட்டம் அதை நீண்ட காலம் ஒருவரின் கடனாக மட்டும் எழுதிவைத்தது. சட்டத்தின் எழுத்து இன்று மாறிவிட்டது. வீட்டு வாசலில் நடக்கும் பேச்சில் அந்த மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை.