அழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது? ஃபோட்டோஷாப்பும் ஜிம்ப்பும்

ஒரே ஜேபெக் படத்தை ஃபோட்டோஷாப்பிலும் ஜிம்ப்பிலும் திறந்து, இரேசரால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இரண்டிலுமே அடியில், ஒளிபுகுவதைக் காட்டும் சாம்பல் கட்டங்கள் தெரியாது. பின்னணி நிறமாக எது இருக்கிறதோ, பெரும்பாலும் வெள்ளை, அதுதான் அப்பிக்கொள்ளும். ஒளிபுகும் தன்மையைச் சேமிக்க ஜேபெக்கில் இடமே கிடையாது. அதுவரை இரண்டு மென்பொருளும் ஒரே கட்சி. பரிகாரம் கேட்டால்தான் பிரிகின்றன. பூட்டுப் போட்ட ‘பேக்ரவுண்ட்’ மேல் டபுள் கிளிக் செய்து அதைச் சாதாரண லேயராக்கச் சொல்கிறது ஃபோட்டோஷாப். லேயர் மெனுவுக்குப் போய் ஆல்ஃபா சேனலைச் சேர்க்கச் சொல்கிறது ஜிம்ப். முதலாவது லேயரைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது பிக்சலைப் பற்றிப் பேசுகிறது.

பிக்சல் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 1970களின் இறுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் இதோடு நான்காவதாக ஒரு எண்ணைச் சேர்த்தார்கள். அதுதான் ஆல்ஃபா. 0 என்றால் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது, 255 என்றால் கீழே உள்ளதை முழுதாக மறைக்கும். 1984இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இப்படிப்பட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கான கணக்கை முறைப்படுத்தினார்கள். சுத்தச் சிவப்புக்கு ஆல்ஃபா 128 கொடுத்து வெள்ளைமேல் வைத்தால் திரையில் தெரிவது 255, 127, 127: இளஞ்சிவப்பு. கோப்புக்குள் இருப்பது அப்போதும் சுத்தச் சிவப்புதான். தெரியும் நிறம் வேறு, இருக்கும் நிறம் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஜிம்ப் இதை ஒளிக்காமல் காட்டுகிறது. அதன் சேனல் பட்டியலில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குக் கீழேயே ஆல்ஃபாவும் ஒரு வரியாக நிற்கும். ஆல்ஃபா இல்லாத லேயரின் பெயர் தடித்த எழுத்தில் வரும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இரேசரை ஓட்டினால் நான்காவது எண் மட்டும்தான் குறைகிறது, மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் இரேசரில் ‘ஆன்ட்டி இரேஸ்’ என்ற வசதியை வைக்க முடிந்திருக்கிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்த இடத்தில் தேய்த்தால், அழிந்துபோன படம் திரும்ப எழுந்து வரும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு ஹிஸ்டரியைத்தான் நம்ப வேண்டும். கோப்பை மூடினால் அதுவும் போச்சு. அங்கே விவரம் தெரிந்தவர்கள் இரேசரைத் தொடாமல் லேயர் மாஸ்க் போடுவது இதனால்தான்.

ஃபோட்டோஷாப்பின் சேனல் பட்டியலில் லேயரின் ஒளிபுகும் தன்மை எங்கேயும் தென்படாது. ஆனால் ஒரு செலக்‌ஷனைச் சேமித்தால் அங்கே ‘ஆல்ஃபா 1’ என்று ஒன்று முளைக்கும். வெள்ளை தேர்ந்த பகுதி, கறுப்பு தேராத பகுதி, சாம்பல் அரைகுறை. அதனால் படத்தில் எதுவும் மறையாது. பிறகு கூப்பிட்டுக்கொள்வதற்காக எடுத்துவைத்த செலக்‌ஷன், அவ்வளவுதான். இதற்குக் காரணம் மென்பொருளின் வயது. ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது, லேயர் வசதி 1994இல் 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. லேயர் வருமுன்பே ஆல்ஃபா சேனலுக்கு அங்கே ஒரு வேலை ஏற்பட்டுவிட்டது. புதிதாகப் படிப்பவர் ‘ஆல்ஃபா 1’ உருவாக்கி, பிஎன்ஜியாகச் சேமித்து, பின்னணி ஏன் போகவில்லை என்று முழிப்பது இன்றும் நடக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியே இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. 2002இல் வந்த 7.0 பதிப்பில், டார்கா என்ற வகைப் படக் கோப்பைச் சேமிக்கும்போது சேனல் பட்டியலில் உள்ள ஆல்ஃபாவை விட்டுவிட்டு லேயரின் ஒளிபுகும் தன்மையை எழுதும்படி மாற்றினார்கள். வீடியோ கேம் ஓவியர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு அந்த நான்காவது சேனல் ஒளிபுகுவதற்கு மட்டுமல்ல. ஒரு பரப்பு எங்கே மினுங்க வேண்டும் என்ற தகவலைக்கூட அதில் வைப்பார்கள். 7.0.1இல் பழைய முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

கையெழுத்தைத் தாளிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையில் ஜிம்ப்பை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளைத் தாளில் நீல மையால் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து, ‘கலர் டு ஆல்ஃபா’வில் வெள்ளையைக் கொடுங்கள். கோட்டின் ஓரத்தில் 200, 210, 255 என்று வெளிறிய ஒரு பிக்சல் இருக்கிறது என்போம். மேஜிக் வாண்டால் வெட்டினால் அது ஒன்று முழுதாகப் போகும், இல்லை வெள்ளைக் கறையோடு அப்படியே நிற்கும். ‘கலர் டு ஆல்ஃபா’ அதிலிருந்து வெள்ளையைக் கழித்து, ஏறக்குறைய 0, 46, 255 என்ற அசல் நீலத்தையும் 55 என்ற ஆல்ஃபாவையும் கண்டுபிடிக்கிறது. இனி அதைப் பச்சைத் தாளில் வைத்தாலும் ஓரத்தில் வெள்ளை தெரியாது. ஃபோட்டோஷாப்பில் ஆர்ஜிபி சேனலை கன்ட்ரோல் கிளிக் செய்து, வெளிச்சத்தை செலக்‌ஷனாக்கி, அதைத் திருப்பிப் போட்டு இதற்கு நெருக்கமாக வரலாம், ஆனால் அது சுற்றுவழி.

முடி என்று வந்தால் கதை மாறும். பல நிறம் கலந்த பின்னணியிலிருந்து பறக்கும் கூந்தலை எடுக்க, கழிப்பதற்கு ஒற்றை நிறம் எதுவும் இல்லை. அங்கே ஃபோட்டோஷாப்பின் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ முன்னால் நிற்கிறது. ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தை நீக்க அதில் தனி டிக் பெட்டியே உண்டு. தினசரிப் பிழைப்புக்கு ஃபோட்டோஷாப் தோதானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்ஃபாவைப் புரிந்துகொள்ள ஒரு மென்பொருள் என்றால் ஜிம்ப்பைத்தான் கைகாட்டுவேன். பிஎன்ஜி கோப்பும் பிக்சலுக்கு நான்கு எண்கள் என்றுதான் எழுதப்படுகிறது. ஜிம்ப்பின் சேனல் பட்டியலில் பார்ப்பதும் கோப்பில் இருப்பதும் ஒன்று.

அந்த வெளிப்படைத்தன்மையில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஜிம்ப்பில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதில் டிக் இருந்தால், இரேசரால் அழித்து அனுப்பிய ஆதார் எண்ணைப் பெறுபவர் ஆன்ட்டி இரேஸால் தேய்த்தே படித்துவிடலாம். எண்ணை மறைக்க வேண்டுமென்றால் அதன்மேல் கறுப்பைப் பூசி, லேயர்களை ஒன்றாக்கி, ஜேபெக்காகவே அனுப்புங்கள்.