“தண்ணி பார்த்தியா?”

வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. எனக்கு அதோடு பெரியப்பாவின் அம்பாசிடரும் நினைவுக்கு வரும். 1970களில் எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் அது. அதை ஓட்டியவரை நாங்கள் ‘டிரைவர் அண்ணன்’ என்போம்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. சேலம் போய்வந்தால் ஒன்றும் ஆகாது. நாமக்கல் தாண்டி திருச்சி சாலையில் விரட்டினால் சில நாள் கொதிக்கும், சில நாள் கொதிக்காது. பட்டறைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். ஒருநாள் நடுவழியில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “தண்ணி பார்த்தியா?” என்பதுதான். “பார்த்துட்டுத் தானுங்க எடுத்தேன்” என்றார் டிரைவர் அண்ணன். யாரும் நம்பவில்லை. செலவைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1886ல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில் எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் சூட்டைக் கொண்டுபோனது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேன்கூடு போன்ற ரேடியேட்டர் 1901ன் மெர்சிடிஸ் காரோடு வந்தது. அதன் பிறகுதான் கொஞ்சம் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குளிரவைத்துப் பயன்படுத்த முடிந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டம் குறைந்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். ஆகவே அந்தக் காலத்து டிரைவருக்கு “தண்ணி பார்த்தியா?” என்பது சரியான கேள்வி.

அம்பாசிடர் அந்தத் தலைமுறை வண்டி அல்ல. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கியது அது. பெரியப்பாவின் வண்டியில் இருந்தது 1489 சி.சி. எஞ்சின். ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றும். தண்ணீரைப் பம்ப் தள்ளும். எஞ்சின் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் வழியை அடைத்து வைத்திருக்கும். இப்படிப்பட்ட எஞ்சினில் தண்ணீர் நிறைய இருந்தாலும் அது ஓடாமல் நின்றால் கொதிக்கும். எஞ்சின் மாறிவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வலு சேர்த்தவை இரண்டு. ஒன்று ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு, முக்கால்வாசி இரண்டாம் கியரில்தான் ஏற வேண்டும். எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும், வண்டியோ மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று போதாது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். மலையில் எந்த வண்டியும் கொதிக்கும் என்று அதை மன்னித்துவிடுவார்கள். சமவெளியில் கொதித்தால் டிரைவர்தான் குற்றவாளி. இன்னொன்று உப்புத்தண்ணீர். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். விவரம் தெரிந்த டிரைவர்கள் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவார்கள். டிரைவர் அண்ணனும் அப்படித்தான் செய்வார்.

பெரியப்பாவுக்குப் பிறகு அந்தக் கார் ஷெட்டிலேயே கிடந்தது. நான் ஓய்வு பெற்ற பின், 2014ல், அதைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கினேன். உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். ஓட்டிய சில வாரத்திலேயே பழைய வியாதி திரும்பியது. வேகமாகப் போனால் சூடு, நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரி.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். பெல்ட் வழுக்கினால் டைனமோ விளக்கும் எரிய வேண்டும், அது எரியவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சமையலறைச் சட்டியில் போட்டுக் காய்ச்சினேன். ஒழுங்காகத் திறந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். அடைப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் ஆறிக் கிடக்கும், அப்படியும் இல்லை. ஃபேன் காற்று இல்லாவிட்டால் நிற்கும்போதுதான் சூடு ஏற வேண்டும், இங்கே நேர்மாறாக இருந்தது.

கடைசியில் ஒருநாள், நன்றாக ஓட்டி வந்த சூட்டோடு போனட்டைத் திறந்து, ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஓஸ் என் கண்ணெதிரே உறிஞ்சப்பட்டுத் தட்டையானது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டையாகிவிட்டது. ரப்பர் குளிர்ந்திருந்தால் விறைப்பாக நிற்கிறது, சூட்டில் இளகினால் பம்பின் இழுப்புக்கு மடங்குகிறது. அதனால்தான் சில நாள் கொதித்தது, சில நாள் கொதிக்கவில்லை. பட்டறையில் யார் கண்ணிலும் படாததற்கும் அதுதான் காரணம். உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஓஸ் வாங்கிப் போட்டேன். பிறகு கொதிக்கவே இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேஸ்கட் போவதற்குச் சில மாதம் முன்பு அந்த ஓஸ் கிழிந்து, கிடைத்த ஏதோ ஒரு ரப்பர் குழாயை அளவாக வெட்டிப் போட்டிருந்தார்கள். நான்தான் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். அன்றும் காரணம் இதுவே என்று நிரூபிக்க இப்போது வழியில்லை. ஆனால் அறிகுறிகள் அத்தனையும் அப்படியே பொருந்துகின்றன.

டிரைவர் அண்ணன் காலமாகிப் பல ஆண்டு ஆகிறது. அவர் மகனைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தண்ணி ஊத்தினேன், ஊத்தினேன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க” என்றார்.