நம் காலடியில் ஒரு வரலாறு



"சார், நம்ம ரவாங் பக்கம் ஏன் இத்தனை குட்டை?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அவற்றில் பல, பழைய ஈய லம்பத்துக்காகத் தோண்டிய பள்ளங்கள். சரி, ஈயம் இங்கே எப்படி வந்தது? அதைச் சொல்லும் கல்விக்குத்தான் நிலவியல் என்று பெயர்.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்திலிருந்து பாறைக் குழம்பு மேலெழுந்து ஆறிக் கருங்கல்லானது. நமக்குக் கிழக்கே நிற்கும் மலைத்தொடர் அதுதான். அந்தச் சூட்டோடு வந்த ஈயத்தாது பாறை வெடிப்புகளில் தங்கியது. பிறகு மழை மலையைத் தேய்த்தது. ஆறு மணலை அடித்து வந்தது. அம்மா அரிசி களையும்போது கல் அடியில் தங்குமே, அதுபோலக் கனமான ஈயமணல் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது.

அந்த ஈயத்தை நம்பி லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் கூட்டாகச் சுரங்கம் நடத்தினார்கள். பத்துமலைக் கோயிலை நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளைதான்! 1894-இல் சுரங்க வேலைக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். மலாயாவில் முதலில் மின்சாரம் கண்ட ஊர் என்ற பெருமை இப்படித்தான் ரவாங்குக்கு வந்தது.

1903-இல் ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர், இந்நாட்டின் பாறைகளை ஆராய அரசாங்க நிலவியலாளராக நியமிக்கப்பட்டார். லம்பத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள். ரயில் பாதைக்கு மண் வெட்டியதும் ரப்பர் நட்டதும் நம் தாத்தா பாட்டிமார்கள். இந்த மண்ணைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். ஏட்டில் படிக்க மட்டும் அவர்களுக்கு வழியில்லை.

1985-இல் ஈய விலை சரிந்து, லம்பங்கள் பல மூடப்பட்டன. அதோடு இந்தப் படிப்பும் முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். 1993-இல் உலு கிள்ளானில் மலைச்சரிவு சரிந்து, அடுக்குமாடிக் கட்டடம் விழுந்து 48 பேர் மாண்டார்களே! சரிவு தாங்குமா என்று பார்ப்பதும் நிலவியலாளர் வேலை. நிலத்தடி நீரைத் தேடுவது, பாறையில் பதிந்த பழைய உயிர்களை ஆராய்வது, தாதுக்களைச் சோதிப்பது, எண்ணெய் இருக்குமிடம் காண்பது என்று கிளைகள் பல உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம். அறிவியலும் கணிதமும் நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு கல்லைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தால், "தூக்கிப் போடு" என்று சொல்லாதீர்கள். "இது என்ன கல்லு?" என்று கேளுங்கள். தாத்தா வெட்டிய மண்ணைப் பேரன் படிக்கட்டும், பேத்தியும் படிக்கட்டும்!