அரசனின் எதிரே நின்ற சொல்: ஹெஷெலும் எபிரேய இறைவாக்கினர் மரபும்

எபிரேய மறையில் இடம்பெறும் இறைவாக்கினருள் ஆமோசு என்பவர் தெக்கோவா என்னும் ஊரைச் சேர்ந்த ஆயர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வடநாடாகிய இசுரயேலுக்குச் சென்று அவர் உரைத்தவை அவர் பெயரால் ஒரு நூலாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. அந்நூல் தொடங்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. தமாசுகு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என அண்டை நாடுகளின் போர்க்குற்றங்கள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. மக்களைக் கூட்டமாகச் சிறைப்பிடித்து ஏதோமிடம் ஒப்படைத்தது காசாவின் குற்றம். எல்லையை விரிக்கும் வேட்கையில் கருவுற்ற பெண்களைக் கொன்றது அம்மோனின் குற்றம். மோவாபு செய்ததோ ஏதோம் மன்னனின் எலும்புகளை எரித்தது. இது இசுரயேலுக்கு இழைக்கப்பட்ட தீங்கே அன்று. அயலார் அயலாருக்குச் செய்த கொடுமைக்கும் இறைவன் கணக்குக் கேட்கிறான். பகைவர் பழிக்கப்படுவதைக் கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடிய இசுரயேலரை நோக்கி ஆமோசு பின்னர்த் திரும்புகிறார். ஏழையை ஓர் இணைச் செருப்புக்கு விற்கும் நாடும் அதே தீர்ப்புக்கு உரியதாகிறது. பெத்தேல் திருத்தலத்தின் குரு அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னதில் வியப்பில்லை.

இத்தகையோரைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'நாவி' என்பது. பழைய தமிழ் விவிலியம் இதனைத் 'தீர்க்கதரிசி' என்றது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்றது. முன்னது வருவதுரைக்கும் நிமித்திகரை நினைவூட்டுகிறது. ஆரோன் மோசேக்கு 'நாவி'யாக இருப்பான் என்று விடுதலைப் பயணநூல் கூறுமிடத்தில் பிறர் பொருட்டுப் பேசுபவன் என்னும் பொருளே பொருந்தும். காலத்தை முன்னறிவதைவிட வாய் திறந்து பேசுவதே நாவியின் தொழில். இவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றி, இருபதாம் நூற்றாண்டில் இம்மரபை உயிர்ப்பித்த ஆபிரகாம் யோசுவா ஹெஷெலை விளங்கிக்கொள்ள இயலாது.

ஹெஷெல் 1907 இல் வார்சாவில் ஹசிதியச் சமய ஆசிரியர் குடியில் தோன்றியவர். கவிஞராகவே அவர் முதலில் அறிமுகமானார்; 1933 இல் அவருடைய இத்திஷ் மொழிக் கவிதைத் தொகுதி வெளிவந்தது. இட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய ஆண்டும் அதுவே. பெர்லின் பல்கலைக்கழகத்தில் இறைவாக்கினரைப் பற்றி அவர் நிகழ்த்திய முனைவர் பட்ட ஆய்வு 1936 இல் போலந்து நாட்டுக் கிராக்கோவில் அச்சேறியது. 1938 இல் செருமனியிலிருந்து துரத்தப்பட்ட அவர் 1940 இல் அமெரிக்காவை அடைந்தார். அன்னையையும் உடன்பிறந்த பெண்டிர் மூவரையும் போரில் இழந்தார்.

அவ்வாய்வை விரித்து 1962 இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூலின் மையக் கருத்து ஒன்றே. அரிஸ்டாட்டில் கண்ட இறை, தான் அசையாது பிறவற்றை அசைப்பது. எபிரேய இறையோ மாந்தர் படும் துன்பத்தால் தானும் தாக்குறுவது. அத்துயரைத் தன் நெஞ்சில் ஏற்பவரே நாவி. ஆதலின் பிறர் சிறிதென்று கடந்துபோகும் அநீதி அவருக்குப் பேரிடியாகிறது. ஒரு சமுதாயத்தில் குற்றவாளிகள் சிலரே. பொறுப்போ அனைவருக்கும் உண்டு என்பது இதிலிருந்து ஹெஷெல் பெற்ற முடிபு. தனியறையில் நூலோடு வாழ விரும்பிய தம்மை இந்த ஆய்வே வெளியே இழுத்தது என்று அவர் பின்னாளில் கூறியதுண்டு. ஆய்வாளரை ஆய்வுப்பொருள் இவ்வாறு ஆட்கொள்வது அரிது.

1963 சனவரியில் சிகாகோவில் சமயமும் இனமும் பற்றிய மாநாடு கூடியது. இப்பொருள் பற்றிய முதல் மாநாட்டில் பங்கேற்றோர் பார்வோனும் மோசேயும் என்று தம் உரையைத் தொடங்கினார் ஹெஷெல். மார்ட்டின் லூதர் கிங்குடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது அங்கேதான். 1965 மார்ச்சில் செல்மா நகரின் அணிவகுப்பில் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். தம் கால்கள் வழிபட்டதாக உணர்ந்தார் என்பர். அதற்கு முந்தைய ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுலை நேரில் கண்டு, யூதரை மதம் மாற்றும் எதிர்பார்ப்பு திருச்சங்க ஆவணத்தில் இடம்பெறலாகாது என வற்புறுத்தியதும் அவரே.

வியட்நாம் போர் இன்னும் கடுமையான சோதனை. போரை எதிர்த்த சமயத்தார் குழுவைத் தோற்றுவித்தோருள் ஹெஷெலும் ஒருவர். அரசைப் பகைத்துக்கொண்டால் இசுரேலுக்குக் கிடைக்கும் அமெரிக்க ஆதரவு குன்றும் என யூதத் தலைவர் சிலர் அஞ்சினர். தமக்குப் புகலிடம் தந்த நாட்டையே அவர் கண்டித்தார். ஆமோசைக் கற்றவர் வேறென்ன செய்வார்?

ஆயினும் அதே அளவுகோல் அவர்மீதும் வைக்கப்படவேண்டும். 1967 போருக்குப்பின் எருசலேம் சென்று திரும்பிய அவர் இசுரேலைப் பற்றி எழுதிய நூல் 1969 இல் வெளிவந்தது. அரபு மக்களை அவர் மறந்துவிடவில்லை. அமைதியை நாடவே செய்தார். எனினும் வியட்நாம் பற்றிய எழுத்தில் கனன்ற சினம் அங்கில்லை. மீண்ட நகரைக் கண்ட உவகையே ஓங்கி ஒலிக்கிறது. தன் இனம் அழிந்ததைக் கண்ட ஒருவரின் உவகை அது என்பதை மறக்கலாகாது. ஆனால் ஆமோசின் பட்டியலில் இசுரயேலும் இருந்ததே! அவ்விடத்தில் கவிஞர் பேசினார், நாவி பேசவில்லை என்று சொல்வது கடுஞ்சொல்லாகாது.

1972 டிசம்பரில், இதயநோயால் தளர்ந்திருந்த ஹெஷெல், போர் எதிர்ப்பால் சிறை சென்ற கத்தோலிக்கத் துறவி பிலிப் பெரிகனை வரவேற்க, டான்பரி சிறை வாயிலில் குளிரில் காத்து நின்றார். சில நாள்களில், 23 ஆம் நாள், ஓய்வுநாளில் அவர் உயிர் நீத்தார். அன்றும் வட வியட்நாம்மீது அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சு ஓயவில்லை.